பாழ்நிலத்திற் பிழைத்தல்

‘பிழைத்தல்’ என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் படுவது. உயிர் தப்பி வாழ்தல் ஒரு பொருள்; தவறுதல் மற்றொரு பொருள். பேரிடரினின்று தப்பியவனைப் ‘பிழைத்தான்’ என்கிறோம். எழுத்தைத் தவற எழுதினால் அதனையும் ‘பிழை’ என்கிறோம். தம்முள் மாறுபட்டனபோல நிற்கும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் எங்ஙனம் ஒன்றுபட்டன என்று மாணவர் வினவுவதுண்டு. வேட்டுவன் எய்த அம்பு குறி தவறிற்றாயின் அம்பு பிழைத்தது. அதனால் மானும் பிழைத்தது. ஒன்றன் தவறுதல் மற்றொன்றன் வாழ்தலாகின்றது. இந்நுட்பத்தை விளக்குதற்கு இக்காலத்து இளைஞர் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உளது. அது நூலன்று, ஒரு கணினி விளையாட்டு.

‘ஃபோல்அவுட்: நியூ வேகஸ்’ என்பது அதன் பெயர். கலிபோர்னியாவிலுள்ள ஒப்சிடியன் என்னும் நிறுவனம் அதனை ஆக்கியது. பெதஸ்டா நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியிட்டது. 1997இல் தொடங்கிய ‘ஃபோல்அவுட்’ வரிசையில் அதுவும் ஒன்று. இவ்வகை விளையாட்டிற் செல்லும் வழி ஒன்றே என்னும் நியதி இல்லை. ஆடுவோன் ஒரு பாத்திரத்தை ஏற்று, பரந்த நிலமொன்றில் விரும்பிய திசையிற் செல்லலாம். விரும்பியவரோடு நட்கலாம், பகைக்கலாம். உரிமை பெரிதாதலின் இடரும் பெரிது. புதிதாய்த் தொடங்குவோர் முதல் ஒரு மணி நேரத்திற் பலமுறை மாளுதல் அங்குப் புதுமையன்று. அன்னோர்க்குச் சில நெறிகளைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஃபோல்அவுட்’ என்பது அணுகுண்டு வெடித்தபின் வானினின்று வீழும் கதிர்வீச்சுத் தூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். களமாக அமைந்த மொஹாவிப் பாலைவனப் பகுதி அச்சொல்லின் பொருளை மெய்யாகவே அறிந்தது. லாஸ் வேகஸ் நகரின் வடமேற்கே, நெவாடாச் சோதனைக் களத்தில், 1951 முதல் 1992 வரை அமெரிக்க அரசு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. 1950களில் அந்நகரத்தார் தொலைவில் எழுந்த காளான் முகில்களை வேடிக்கை பார்த்தனர். விளையாட்டின் கற்பனை வரலாற்றில், 2077ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள் மூண்ட அணுப்போரில் உலகம் சில மணி நேரத்துள் அழிந்துபட்டது. கதை நிகழ்வதோ 2281இல். இரு நூற்றாண்டு கடந்தும் நிலம் பாழாகவே கிடக்கின்றது; எஞ்சிய மாந்தர் சிற்றூர்களிலே கூடி வாழ்கின்றனர்.

நாம் ஏற்கும் பாத்திரம் பொதி கொண்டு செல்லும் ஓர் அஞ்சலாள். ஆணாகவும் கொள்ளலாம், பெண்ணாகவும் கொள்ளலாம். கையிலிருந்த பிளாட்டினச் சில்லொன்றைக் கவர்ந்த பெனி என்பான் அவனைத் தலையிற் சுட்டு, குட்ஸ்பிரிங்ஸ் ஊரின் இடுகாட்டிற் புதைத்துச் செல்கின்றான். விக்ரர் என்னும் இயந்திர மனிதன் தோண்டி எடுக்க, அவ்வூர் வைத்தியர் மிச்செல் அவனுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கின்றார். தொடக்கமே பிழைப்பு; அதுவும் பிறர் தந்த பிழைப்பு. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

தன்னை வகுத்தல்

வைத்தியர் இல்லத்திலேயே பாத்திரத்தின் இயல்பை வகுத்துக்கொள்ள வேண்டும். வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, நல்லூழ் என இயல்புகள் ஏழு. அவற்றிடையே 40 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். எல்லாவற்றிலும் சமமாயிருப்போன் எதிலும் சிறவான். தொடக்கநிலையார் அறிவுக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்தல் நன்று. படிதோறும் கிடைக்கும் பயிற்சிப் புள்ளிகள் அதனாற் பெருகும். இவ்விளையாட்டிற் கவர்ச்சியின் பயன் ஒப்பளவிற் சிறிது. குறைப்பதாயின் அதனைக் குறைக்கலாம்.

இயல்பின் வேறானவை திறன்கள், அவை 13. அவற்றுள் மூன்றனைச் சிறப்பாகத் தெரிந்துகொள்ளலாம். துப்பாக்கி, பேச்சு, பழுதுபார்த்தல் என்னும் மூன்றும் தொடக்கத்தார்க்கு ஏற்ற துணை. பேச்சுத்திறனை இகழற்க. ஒருவரை இணங்குவிக்க எவ்வளவு திறன் வேண்டும் என்பதை உரையாடலிலேயே எண்ணாற் காட்டுவர். அவ்வெண் நம்மிடம் இருப்பின் சொல் தப்பாது வெல்லும். இல்லையேல் தப்பாது தோற்கும். ஊழுக்கு ஆங்கு இடமில்லை. வழியிற் கிடைக்கும் திறன்நூல் ஒவ்வொன்றும் திறனை நிலையாக 3 உயர்த்தும். சஞ்சிகை சிறிது நேரத்துக்கு மட்டும் 10 உயர்த்தும். ஆதலின் நூலைக் கண்டவுடன் படிக்க. சஞ்சிகையை வேண்டும்பொழுதுக்கு வைத்துக்கொள்க. வகுத்தது பொருந்தவில்லையெனின், ஊரெல்லையைக் கடக்கும்போது மாற்றிக்கொள்ள ஒருமுறை இடந்தரப்படும். அதன்பின் மாற்றம் இல்லை.

வழி தெரிதல்

குட்ஸ்பிரிங்ஸ் இடுகாட்டுக் குன்றின்மேல் நின்று வடகிழக்கே நோக்கினால் நியூ வேகஸ் நகரின் உயர்ந்த கோபுரம் தெரியும். பகைவன் பெனி சென்றதும் அந்நகருக்கே. நேர்வழி குறுகியதாகவுந் தோன்றும். புதியோர் பலரைக் கொல்வது அவ்வழிதான். ஸ்லோன் என்னும் இடத்தை அடுத்த கல்லகழியிற் கொடுநகமுடைய பெருவிலங்குகள் திரள்கின்றன. குன்றுகளிற் ‘கசடோர்’ எனப்படும் நச்சுக் குளவிகள் பறக்கின்றன. புதியவன் வந்தான் என்று அவை தம் வலிமையைக் குறைத்துக்கொள்வதில்லை.

ஊரார் இதனை முன்னரே எச்சரிப்பர். அச்சொல்லைக் கேட்டவன் பிழைப்பான், கேளாதவனும் பிழைப்பான், பொருள்தான் வேறு. தெற்கே இறங்கி, பிரிம், மொஹாவிக் காவலரண், நிப்டன், நோவக் என்னும் இடங்களைக் கடந்து, போல்டர் சிற்றியின் வழியாக வடக்கே திரும்புதலே தக்க நெறி. வழி நெடிது, ஆயின் ஒவ்வோர் ஊரிலும் தொழில் கிடைக்கும், திறன் வளரும், துணையுங் கிடைக்கும். பிரிமிலுள்ள அஞ்சல் நிலையத்திற் பழுதடைந்து கிடக்கும் பறக்கும் இயந்திரம் ஒன்றுண்டு. உரிய திறனாலோ உதிரிப்பாகங்களாலோ அதனைச் சீர்செய்தால் வழித்துணையாகும்.

நீரும் நோயும்

நம் இலக்கணத்தார் பாலைக்குக் கூறிய வெம்மை, நீரின்மை, ஆறலைகள்வர் என்னும் மூன்றும் மொஹாவியில் உள. நான்காவதாகக் கதிர்வீச்சும் சேர்ந்துளது. குடிக்கும் நீரெல்லாந் தூயதன்று. உடலிற் சேருங் கதிர்வீச்சு 1000 அலகை எட்டினால் இறப்பு நேரும். ‘ராட்-அவே’ என்னும் மருந்து சேர்ந்ததைப் போக்கும். ‘ராட்-எக்ஸ்’ சேர்வதைக் குறைக்கும். இரண்டிற் சிலவற்றை எப்பொழுதும் வைத்திருத்தல் வேண்டும்.

குட்ஸ்பிரிங்ஸ் ஊரின் கிணற்று நீர் தூயது. அவ்வூரிலுள்ள சனி ஸ்மைல்ஸ் என்னும் பெண் சுடுதலையும், செடிகொண்டு மருந்து செய்தலையும் கற்பிக்கின்றாள். இடுகாட்டருகே கிடைக்கும் பூவையும், பழைய பள்ளிக்கூடத்தருகே கிடைக்கும் கிழங்கையுஞ் சேர்த்துக் குணமாக்கும் பொடி செய்யலாம். மோதலில் உறுப்பு முடமாயின் அதற்கென உரிய வைத்தியப் பையையோ வைத்தியரையோ நாடுக. விரைந்து புறப்பட வேண்டுமென்று இப்பாடங்களைத் தவிர்ப்போர் உளர். ஓசையின்றி மருந்து தருபவளை விட்டு, ஓசையோடு பகை தேடிச் செல்லுதல் அறிவுடைமையாகாது.

வைத்தியர் இல்லத்தை விட்டுப் புறப்படுகையிற் ‘கடுமுறை’யை ஏற்கின்றாயா என வினவப்படும். ஏற்பின் பசி, நீர்வேட்கை, உறக்கமின்மை மூன்றும் கணக்கிடப்படும். தோட்டாவுக்கும் எடை உண்டாகும். துணைவர் வீழ்ந்தால் மீளார். முதன்முறை ஆடுவோர் அதனை ஏலாதிருத்தலே நன்று. நிலத்தை அறிந்தபின் ஏற்றால், தூய நீருள்ள கிணறு ஒன்றன் அருமை அப்பொழுது விளங்கும்.

சுமையுங் கருவியும்

ஒருவன் சுமக்கக்கூடிய அளவு 150உடன் அவன் வலிமை எண்ணின் பத்து மடங்கைக் கூட்டப் பெறுவது. வலிமை 5 ஆயின் அளவு 200. அதனை மீறினால் ஓடவும் இயலாது. கண்டறிந்த ஊருக்கு விரைந்து பெயரவும் இயலாது. கண்டதையெல்லாம் எடுப்பவன் பகைவர் முன் ஆமையாய் நிற்பான். எடை சிறிதாய் விலை பெரிதாய் உள்ளவற்றையே எடுக்க. அங்கு நாணயமாவது பழைய போத்தல் மூடி, அதற்கு எடையில்லை. ஒரே வகைத் துப்பாக்கி இரண்டு கிடைத்தால் ஒன்றைக்கொண்டு மற்றதைச் சீர்செய்யலாம். சுமையுங் குறையும், கருவியுஞ் செப்பமாகும். கவசமணிந்தார்க்குக் கவசந் துளைக்குந் தோட்டாவையும், அணியாதார்க்குக் குழிமுனைத் தோட்டாவையும் பயன்படுத்துக.

இறந்தவன் உடையை எடுத்து அணிவதிலும் எச்சரிக்கை வேண்டும். அஃது ஒரு படைக்குரிய சீருடையாயின், அப்படையின் பகைவர் உன்னைக் கண்டவுடன் சுடுவர். பிறர் உடைமை செந்நிற எழுத்தாற் காட்டப்பெறும். அதனை எடுத்தல் களவு.

இருவகைப் பிழை

இனி, எல்லாவற்றினுந் தலையாய நெறி. ஆட்டத்தை இடையிடையே சேமித்து வைக்க வேண்டும். ஒரே சேமிப்பின்மேல் மீண்டும் மீண்டும் எழுதாமற் பலவாக வைத்தல் நன்று. வடக்கே போய் மாண்டவன் சேமித்த இடத்துக்கு மீள்கின்றான். தெற்கே போகக் கற்கின்றான். இங்கே தவறுதலாகிய பிழைத்தலே வாழ்தலாகிய பிழைத்தலுக்கு வழியாகின்றது. ஆதலின் மாண்டமைக்கு நாணற்க.

ஆனால், சேமிப்பு எளிதில் மாற்றமாட்டாத பிழைகளும் உள. குட்ஸ்பிரிங்ஸ் ஊரில் ரிங்கோ என்னும் வணிகன் ஒளிந்திருக்கின்றான். சிறையினின்று தப்பிய வெடிமருந்துக் கள்வர் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ கொப் என்பான் அவனைத் தரும்படி ஊரை மிரட்டுகின்றான். ஊரோடு நின்று கள்வரை எதிர்க்கலாம். கள்வரோடு சேர்ந்து ஊரைத் தாக்கவுஞ் செய்யலாம். விளையாட்டு இரண்டையும் தடுப்பதில்லை. முன்னதற்கு ஊராரை ஒவ்வொருவராகச் சொல்லாலும் திறனாலும் திரட்ட வேண்டும். பின்னதற்குத் தன்னைப் புதைகுழியினின்று மீட்ட ஊரார்மேல் துப்பாக்கியை நீட்ட வேண்டும்.

இவ்விடத்து விளையாட்டினை ஆக்கியோர் அமைத்த கணக்குமுறை எண்ணத்தக்கது. ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு கூட்டமும் நம்மைப் பற்றிய புகழையும் பழியையும் தனித்தனியே எழுதி வைக்கின்றன. செய்த நன்மை முன்செய்த தீமையைக் கழிப்பதில்லை. இரண்டுஞ் சேர்ந்தே நம் பெயராகின்றன. புதிய கலிபோர்னியக் குடியரசு, சீசரின் படையணி என்னும் பேரரசுகள் இரண்டும் தம் தேவை கருதி ஒருகட்டத்திற் பழம்பகையை மன்னிக்கின்றன. சிற்றூர்களோ அவ்வாறு மன்னிப்பதில்லை. அரசுக்கு நாம் ஒரு கருவி. ஊருக்கு நாம் ஒரு மனிதர். மனிதர் செய்ததை மனிதர் மறத்தல் அரிது.

பழி உடனே வெளிப்படுவதுமில்லை. பல மணி நேரம் ஆடியபின், விற்க வணிகர் இல்லை, தங்க இடமில்லை, நோய்க்கு மருந்து தருவார் இல்லை என்னும் நிலை வந்தபொழுதே அது தெரியும். அப்பொழுது பழைய சேமிப்புக்கு மீள்வதாயின் அத்தனை மணி நேரத்தையும் இழக்க வேண்டும். விரைவாற் செய்த பிழைக்கு விலை ஒரு நிமிடம். நன்றி மறந்து செய்த பிழைக்கு விலை முழு ஆட்டம். தொடக்கநிலையார்க்கு இதனினும் பயனுள்ள அறிவுரை வேறில்லை: ஐயம் நேர்ந்தால் உன்னைக் காத்தவர் பக்கம் நில், அறம் என்று கருதாவிடினும் பிழைப்பு என்றாயினுங் கருது.

‘விளையாட்டுத்தானே, ஊரை அழித்தால் என்ன?’ என்று இளைஞர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை; அழித்துப் பார்க்கவும் விளையாட்டு இடந்தருகின்றது. ஆயினும் ஹூவர் அணைக்கட்டில் நிகழும் இறுதிப்போரோடு கதை முடிந்தபின், திரையில் ஒவ்வோர் ஊராகக் காட்டி, அதற்கு நேர்ந்ததைக் கூறுவர். பெரும்படைகளின் வெற்றி தோல்வியோடு, சில குடிகளே வாழும் குட்ஸ்பிரிங்ஸின் கதியும் அங்கே கூறப்படும். அதன்பின் ஆட்டம் தொடராது. நாம் எத்தனை பகைவரை வென்றோம், எத்துணைப் போத்தல் மூடி சேர்த்தோம் என்பதை அவ்விறுதிப் பகுதி கூறுவதில்லை. நாம் கடந்துசென்ற ஊர்கள் நம்மாற் பிழைத்தனவா, அன்றி நாம் அவற்றுக்குப் பிழைத்தோமா என்பதையே கூறுகின்றது.