வெள்ளைச் சர்க்கரையும் ஒட்டடையும்

மகன் குடும்பத்தோடு ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே மார்ச் நடுவில், மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ரூபி கழுத்து ஹம்மிங்பேர்ட் வரத் தொடங்கும். எடை சுமார் 3 கிராம். ஹம்மிங்பேர்ட் இனத்தில் ஏறத்தாழ 360 வகைகள். அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். இதுவோ நொடிக்கு 50 முறைக்கு மேல் சிறகடித்துப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும். குடித்து முடித்ததும் பின்பக்கமாகவே பறந்து விலகும்.

இந்தப் பறவையை வீட்டுக்கு வரவழைக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் வாங்குவது, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் சிவப்பு மூடி போட்ட ஃபீடர். அதில் ஊற்றும் தண்ணீரில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது, நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ கலந்தால் நல்லதுதானே என்று கோயிலில் பார்க்கும் தோழிகள் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வெல்ல வகைகளில் இருக்கும் இரும்புச்சத்து இந்தச் சின்ன உடம்புக்குக் கெடுதல். தேனைத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. சிவப்புச் சாயமும் தேவையில்லை, ஃபீடரின் சிவப்பே போதும்.

சுத்தம்தான் பெரிய வேலை. ஹூஸ்டன் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு நாள் தாங்காது, கலங்கிவிடும். கொட்டிவிட்டு, வெந்நீரும் பாட்டில் பிரஷ்ஷும் கொண்டு துளைகளைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஃபீடரே மாட்டாமல் செடி மட்டும் வைக்கலாம், பறவைக்கு ஒரு குறையும் வராது. எறும்பு ஏறாமல் இருக்கக் கம்பியில் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய் இறகில் ஒட்டினால் பறவை பறக்கவே சிரமப்படும். ஃபீடருக்கு மேலே ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும்படி மாட்டினால் எறும்பு தாண்டாது.

செடிகளில் என் ஓட்டு டர்க்ஸ் கேப்புக்கு. நம் ஊர் வேலியோரத்தில் இதழ் விரியாமல் சுருண்டே தொங்கும் சிவப்புச் செம்பருத்தி இருக்கிறதே, அதன் நெருங்கிய சொந்தம். டெக்சஸ் மண்ணில் இயல்பாகவே வளர்வது. மர நிழலிலும் வளர்ந்து, கோடை தொடங்கிக் குளிர் எட்டிப் பார்க்கும்வரை பூக்கும். பறவை வந்து இறங்கும் மார்ச்சில் அது பூத்திருக்காது. அந்த நேரத்துக்குக் குழல் குழலாகப் பூக்கும் கோரல் ஹனிசக்கிள் கொடி வேண்டும். இடையில் சிவப்பு சால்வியா.

ஆனால் பூவும் சர்க்கரையும் பாதிச் சாப்பாடுதான். புரதத்துக்கு இது கொசு, சின்ன ஈ, சிலந்தி எல்லாம் பிடித்துத் தின்கிறது. குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில் பூச்சிதான் முக்கியம். இங்கே வீட்டுக்கு வீடு மாதம் ஒருமுறை கொசு மருந்து அடிக்க ஆள் வருகிறது. முன்பக்கம் ஃபீடரை மாட்டிவிட்டுப் பின்பக்கம் மருந்து அடிப்பது பறவையை விருந்துக்கு அழைத்துப் பட்டினி போடுகிற காரியம். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டாலே கொசு பெருமளவு குறையும்.

இன்னொன்று ஒட்டடை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் ஒட்டடை இருக்கக்கூடாதுதான். வீட்டுக்குள் அடியுங்கள், வேலியிலும் மரத்திலும் விட்டுவையுங்கள். தாய்ப்பறவை செடிப் பஞ்சைச் சிலந்தி நூலால் பிணைத்துத்தான் கூடு கட்டுகிறது. முட்டை இரண்டு. சிலந்தி நூல் இழுபடும் என்பதால், குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும்.

ஆண்பறவையின் கழுத்தைப் பார்க்க வெயில் வேண்டும். போன கோடையில் பேத்தி ஜன்னலருகே நின்று, "ஆச்சி, ரூபின்னு சொன்னீங்க, கறுப்பா இருக்கே" என்றாள். "பொறுடா, திரும்பட்டும்" என்றேன். தலையைச் சற்றே சாய்த்தது; கழுத்து முழுவதும் தணல்போல் சிவந்தது. அந்தச் சிவப்பு சாயமல்ல; இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் மறைந்துவிடும். அதே பறவை சண்டைக்காரன். காய்ந்த குச்சி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, ஃபீடர் பக்கம் வருகிற அத்தனை பேரையும் துரத்தும். வீட்டின் இன்னொரு பக்கம், அதன் கண்ணுக்குப் படாத இடத்தில் இரண்டாவது ஃபீடரை மாட்டினால் மற்றவை நிம்மதியாகக் குடிக்கும்.

செப்டம்பரில் கூட்டம் அதிகம். தெற்கே போகுமுன் கொழுப்பைச் சேர்த்து எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். சில மெக்சிகோ வளைகுடாவை நேராகவே தாண்டும், இடையில் இறங்க இடமில்லாத சுமார் 800 கிலோமீட்டர். பல எங்கள் கடற்கரையோரமாகவே போகும். ராக்போர்ட் என்ற கடலோர ஊரில் இதற்கென ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டங்களையே திறந்துவிடுகிறார்கள். ஃபீடர் தொங்கினால் பறவை கிளம்பாமல் தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். பகல் குறைவதே அதற்குக் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடும். ஃபீடர்களில் ஒன்றை நான் குளிர்காலத்திலும் எடுப்பதில்லை. ரூஃபஸ் என்ற செந்நிற வகையில் சில இந்தக் கடலோரத்தில் குளிரைக் கழிக்கின்றன.

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா வருகிறவர்கள் ஃபீடர் கழுவும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பொழுதும் போகும். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பால்கனிக் கம்பியிலோ செம்பருத்திக் கிளையிலோ நாரும் சருகும் சிலந்தி நூலுமாகக் குப்பைபோல் ஒன்று தொங்கினால், அது தேன்சிட்டுக் கூடாக இருக்கலாம். இழுத்துப் போட்டுவிடாதீர்கள். குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் மருந்தும் அடிக்க வேண்டாம்.