டயர் கழற்றுவதில் உள்ள ஜியோமெட்ரி

பைக் டயரின் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே எஃகுக் கம்பி வளையம் தெரியும். அது ரப்பர் மாதிரி நீளாது. அப்படியென்றால் 18 இன்ச் ரிம்மின் உயர்ந்த விளிம்பைத் தாண்டி அது எப்படி உள்ளே போனது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வீட்டிலேயே டியூப் மாற்றிவிடலாம். தெரியாமல் நெம்பினால் புது டியூப்தான் கிழியும்.

கொஞ்சம் வரலாறு. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கினார், அது பரவவில்லை. 1888ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடி கண்டுபிடித்தார். அவருடைய டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. பஞ்சரானால் பிரித்து, திரும்ப ஒட்டி, காயவைக்க வேண்டும். 1890ல் சார்ல்ஸ் வெல்ச் என்பவர் டயர் ஓரத்தில் நீளாத கம்பி, ரிம்மின் நடுவில் பள்ளம் என்ற ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம்ம ஊர் ஸ்போக் சக்கரத்தில் இன்றும் இருப்பது அதே தத்துவம்தான்.

இறுக்கமான வளையலைப் போடும்போது என்ன செய்வார்கள்? கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவார்கள். வளையல் பெரிதாகவில்லை, கை சிறிதாகிறது. டயரும் அப்படித்தான். ஒரு பக்கம் கம்பியை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால், நேர் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்த இடத்தில் விளிம்பைத் தாண்ட வைக்கலாம். அவ்ளோதான்.

எங்க அப்பா பழைய ஸ்பிளெண்டரில்தான் தோட்டத்துக்குப் போய் வருகிறார். டயர் அளவு 2.75-18. வழியெல்லாம் சீமைக்கருவேல முள். பின்சக்கர டியூபில் ஏழு ஒட்டு இருந்தது. டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் காற்று பெரும்பாலும் மெதுவாக இறங்கும். டியூப் கிழிந்தாலோ வால்வு ஓட்டை, ஸ்போக் ஓட்டைகள் வழியாகக் காற்று சட்டென்று போய்விடும், வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். 73 வயசில் அது விளையாட்டில்லை. எட்டாவது ஒட்டு வேண்டாம் என்று டியூபையே மாற்றினேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிரேக் ராடு, டிரம் தகட்டை ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் கம்பி, ஆக்ஸில் நட் மூன்றையும் கழற்றினால் சக்கரம் வந்துவிடும். உள்பக்கம் இருக்கும் ஸ்லீவ் நட்டைத் தொட வேண்டாம். செயின் ஸ்ப்ராக்கெட் அப்படியே வண்டியில் நிற்கும்.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுசா இறக்குங்கள். சக்கரத்தைச் சுற்றி மிதித்து, இரண்டு பக்கமும் டயரை ரிம்மிலிருந்து விடுவியுங்கள். ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தை முட்டியால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டு, வால்வு பக்கம் லிவரைப் போடுங்கள். ஏன் அங்கே? வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொள்கிறது, கம்பி அங்கே இறங்காது. அதனால் தளர்வை எதிர்ப்பக்கத்தில் உண்டாக்கி, அதை வால்வு பக்கம் பயன்படுத்துகிறோம். லிவர் கனமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு ஏறியிருக்கும், அதைப் பாருங்கள்.

டியூபை எடுத்ததும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டுப் பயனில்லை. ரிம் டேப் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்போக் நிப்பிள் டியூபைக் குத்திவிடும். டயரையும் மாற்றுவதாக இருந்தால், பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ன் 23வது வாரம். சுழலும் திசைக்கான அம்புக்குறியையும் கவனியுங்கள்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். தட்டையான டியூப் லிவருக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கும். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். கடைசி இன்ச்சில் வால்வை உள்ளே தள்ளிப் பார்த்தால் டியூப் கம்பிக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று தெரியும்.

ஒருமுறை காற்றடித்து, முழுசா இறக்கி, மறுபடி அடியுங்கள். டியூபின் மடிப்புகள் நேராகும். ரிம்மை ஒட்டி டயரில் இருக்கும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் வால்வின் அடி பிய்ந்துவிடும்.

சக்கரத்தை மாட்டியதும் டிரம் கம்பியை மறக்கவே கூடாது. அது இல்லாமல் பிரேக் போட்டால் டிரம் தகடே சுற்றிக்கொள்ளும். புது ஸ்பிலிட் பின் போடுங்கள், பழையது வேண்டாம். கிளம்பும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் காற்றையும் நட்டையும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.