ஜவ்வாது மலைச் சாமை

குமாயூன் மலைப் பிரதேசத்துக்கு யாத்திரை சென்று திரும்பிய வாசகர் ஒருவர், அல்மோராவில் தாம் உண்ட மண்டுவா ரொட்டியையும் கஹத் பருப்பையும் ஜங்கோராப் பாயசத்தையும் வாயாரப் புகழ்ந்து எழுதி, நம் பக்கத்து மலைகளில் பிரயாணிகள் தேடிச் சென்று உண்ணத்தக்க ஆகாரம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார். அவர் உண்ட மண்டுவா நம் கேழ்வரகு. கஹத் நம் கொள்ளு. ஜங்கோரா நம் குதிரைவாலி. அத்தனை தூரம் சென்று ருசித்த தானியங்களின் சொந்தபந்தமெல்லாம் நம் ஜவ்வாது மலையிலேயே இருக்க, அண்ணாமலையாரைத் தரிசித்துக் கிரிவலம் முடித்து ஊர் திரும்பும் லட்சோபலட்சம் ஜனங்களில், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி ஒரு வேளை அந்த மலையின் சோற்றை உண்டு பார்ப்பவர் மிகச் சிலரே என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தைச் சேர்ந்தவர்களல்லர், தமிழே அவர்கள் தாய்மொழி. கேழ்வரகுக் களியும், மண்சட்டியில் மத்தால் கடைந்த கீரையும், பூண்டும் மிளகாயும் சேர்த்த கொள்ளுக் கடைசலும், பலாவும் தேனும் அவர்களுடைய ஆகார வரிசையில் உண்டு. இவற்றையெல்லாம் ஒருவாறு நீங்களும் அறிவீர்கள். நான் நின்று பேச விரும்புவது சாமையைப் பற்றி.

ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்தால் ஏறக்குறைய இரண்டு மூன்று கிராமே தேறும் அந்தச் சின்னஞ்சிறு தானியத்தை இயற்கை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பொதிந்து வைத்திருக்கிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மாறுவதில்லை. வெளியே கண்ணாடிபோல் வழவழப்பான கெட்டி உமி. அதற்குள்ளே எண்ணெய்ச் சத்து நிறைந்த மெல்லிய தவிட்டுப் படலம். அதற்கும் உள்ளே மாவு. உமியோடு கூடிய சாமையைக் குதிரில் கொட்டி வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கும்; மழை பொய்த்த காலங்களில் மலைக்குடும்பங்களைக் காத்தது இந்தக் குணமே. ஆனால் உமியை நீக்கிய நிமிஷத்திலிருந்து தவிட்டின் எண்ணெயைக் காற்று தீண்டத் தொடங்குகிறது. சில வாரங்களிலோ இரண்டொரு மாதங்களிலோ, எங்கள் வீட்டு அடுக்களையில் துடைக்க மறந்த பழைய எண்ணெய்த் தூக்கைத் திறந்தாற்போல், சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். வருஷங்கள் தாங்கும் பண்டம் வாரங்களே தாங்கும் பண்டமாக மாறுவது ஒரு உமியால் என்றால், அந்த உமியின் பெருமையை என்னென்பது! அதனால்தான் மலைப்பெண்கள் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலிலிட்டு இருவராக எதிரெதிர் நின்று உலக்கை மாற்றிக் குத்துவார்கள். முறத்திலிட்டுப் புடைக்கும்போது உமி பறக்க, மங்கிய சாம்பல் சாயலுடன் மணிகள் தங்கும். மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்குள் தோள்கள் ஓய்ந்துவிடும்.

அந்தச் சிரமத்தைப் புனிதமென்று போற்ற நான் தயாராயில்லை. மணிகளைச் சுழற்றி வீசி மோதச் செய்து உமியை மட்டும் பிரிக்கும் யந்திரங்கள் வந்திருப்பது நல்லதே. வருந்தத்தக்கது வேறொன்று. வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் பட்டணத்தில் விலைபோகும் என்பதற்காக, சாமையை மேலும் மேலும் தீட்டித் தவிட்டையும் களைந்துவிடுகிறார்கள். நார்ச்சத்தும் தாதுச் சத்துகளும் தவிட்டோடு போய்விட, மிஞ்சிய மாவுக்குச் சிறுதானியம் என்று பெயரிட்டு, நீரிழிவுக்காரருக்கு விற்கிறார்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகத்தையே உண்டாக்கித் தந்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், மலைமேல் செல்லும் பிரயாணி கடையில் அமர்ந்தவுடன் கேட்பது பரோட்டாவையே. மலைவாசிகளின் வீட்டு அடுப்பிலும் ரேஷன் அரிசியே கொதிக்கிறது. உண்பார் இல்லாத பயிரை எத்தனை காலம்தான் விதைப்பார்கள்?

சமைப்பது மிகச் சுலபம். ஒரு பங்கு சாமைக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு நீர் வைத்து, உலை தளதளவென்று கொதித்தபின் களைந்த சாமையை இட்டு, நீர் வற்றியதும் தணலில் மூடி வைத்தால் பத்து நிமிஷத்தில் பூப்போல் மலர்ந்துவிடும். கொள்ளுக் கடைசலைச் சூடாக அதன்மேல் ஊற்றிப் பிசைந்து உண்ணும்போது, அரிசிச் சோற்றில் இல்லாத ஒரு மண்வாசனை நாசியில் ஏறும்.

ஆகவே, காவலூர் வானாய்வு நிலையத்தைப் பார்க்கச் சென்றாலும் பீமன் அருவியில் நீராடச் சென்றாலும், முதல் நாளே சொல்லிவைத்துச் சாமைச் சோறு கேட்டு உண்ணுங்கள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். திரும்பும்போது, வெளுத்ததை ஒதுக்கி, தவிடு போகாத மங்கலான சாமையாகப் பார்த்து ஒன்றிரண்டு கிலோ மட்டும் வாங்கி வந்து, ஒரு மாதத்துக்குள் சமைத்து முடித்துவிடுங்கள்.