தொப்ரோவ்ஸ்கியும் சிலாவிய மொழியாய்வும்

ருஷ்யம், போலிஷ், செக், செர்பியம் முதலிய மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவற்றையும் இவற்றின் இலக்கியங்களையும் ஆராயும் துறையைச் சிலாவியவியல் என்பர். அதற்கு அடித்தளமிட்டவர் செக் அறிஞரும் பாதிரியாருமாகிய யோசப் தொப்ரோவ்ஸ்கி (1753–1829).

இளமையில் எபிரேயம் முதலிய கீழைத்தேய மொழிகளைப் பயின்ற அவர், புனித மாற்குவின் கையெழுத்தென்று பிராகில் போற்றப்பட்ட சுவிசேஷ ஏடுகள் அவர் எழுதியவையல்ல என 1778-இல் நிறுவினார். 1822-இல் லத்தீனில் வெளிவந்த அவரது பழஞ்சிலாவிய இலக்கணம் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாயிற்று. 1849-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மிக்லோசிச் பேராசிரியராக அமர்ந்தபோது, துறை முழுவளர்ச்சி கண்டது.

எனினும் தொப்ரோவ்ஸ்கியிடம் நாம் கற்கவேண்டியது வேறொன்று. 1817-லும் 1818-லும் இரு சுவடிகள் வெளிப்பட்டன. பண்டைச் செக் கவிதைகள் எனக் கேட்டு, ஜெர்மன் மொழியின் மேலாண்மையில் வாடிய மக்கள் பூரித்தனர். முதற்சுவடியை மெய்யென நம்பிய அவர், இரண்டாவதைப் போலியென 1824-இல் அச்சில் அறிவித்தார். அவர் ஐயுற்றவர்களுள் தம் மாணவர் ஹன்காவும் ஒருவர். சொந்த மக்களே அவரைத் தூற்றினர். பலாட்ஸ்கி, ஷபாரிக் போன்ற பேரறிஞர்களும் 1840-இல் சுவடிகளுக்கு ஆதரவாக நூலெழுதினர்.

1886-இல் கெபௌவர் இலக்கணச் சான்றுகளோடு ஐயம் எழுப்பினார். பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதற் குடியரசுத் தலைவரான மசாரிக் தம் இதழில் அதற்கு இடமளித்தார். இரு சுவடிகளும் போலியே என்பது நாளடைவில் உறுதியாயிற்று.

நமக்குப் பெருமை தரும் சான்றையே முதலில் உரைத்துப் பார்க்கவேண்டும். அறிவுக்கு நாம் செய்யும் அமானிதம் அதுவே.