ஸ்டிக் தடையின்றி அசைந்தால் போதுமா?

அமெரிக்காவின் சிறு விமானத் தளங்களில் பைப்பர் கப், செஸ்னா 140 போன்ற 1930, 40களின் விமானங்கள் இன்றும் பறக்கின்றன. விமானியின் கை, கால் அசைவை எஃகுக் கேபிள்களும் கப்பிகளும்தான் இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டுபோகின்றன. கேபிளின் இறுக்கத்தையும், இறக்கையிலுள்ள ஏலரான், வாலிலுள்ள எலிவேட்டர், சுக்கான் ஆகியவை எத்தனை பாகை அசைய வேண்டும் என்பதையும் சரிசெய்யும் வேலைக்கு ரிக்கிங் என்று பெயர். ரிக்கிங் முடிந்த விமானத்தை, அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் அளந்து பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் உரிமையாளர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

காரணம், ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுக் கோலை ஆட்டிப் பார்ப்பது எங்காவது சிக்குகிறதா என்பதை மட்டுமே சொல்லும். கேபிள்கள் இடம் மாறியிருந்தாலும் கைக்கு அதே மென்மைதான் தெரியும். எலிவேட்டர் சில பாகை குறைவாக இறங்கினாலும் தெரியாது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு பீச் 1900டி விமானம் புறப்பட்டவுடன் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் அதன் எலிவேட்டர் கேபிளைச் சரிசெய்திருந்தார்கள். செய்முறையின் சில படிகள் விடப்பட்டன. மூக்கைத் தாழ்த்தும் அசைவு குறைந்துபோனது. வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அதை ஆய்வு செய்பவராகவும் இருந்தார். பிறகு பலமுறை பறந்தும் குறை வெளிப்படவில்லை. வால்பக்கம் எடை கூடிய அன்றுதான் வெளிப்பட்டது. 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடித்துக் கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானத்தில் ஏலரான் கேபிள்கள் மாறிக் கிடந்தன. புறப்படும் முன் நடந்த சோதனையிலும் அது பிடிபடவில்லை. பெரும் போராட்டத்துக்குப் பிறகே தரையிறங்க முடிந்தது.

இவை பெரிய விமானங்கள், நம்முடையது எளிய இயந்திரம் என்று பழைய விமானப் பிரியர்கள் சொல்வதுண்டு. எளிமைதான் இங்கே ஆபத்து: பிழையைக் கண்டு எச்சரிக்க வேறு எதுவும் அதில் இல்லை. எழுபது, எண்பது ஆண்டுகளில் பலமுறை பழுதுபார்க்கப்பட்ட உடல், வேறொரு மாடலிலிருந்து வந்த பாகம் எல்லாம் கலந்திருக்கும். ஆகவே முன்பு இருந்த அளவை நம்பாமல், அந்த மாடலின் வகைச் சான்றிதழ்த் தரவுத்தாள் தரும் பாகைகளோடு ஒப்பிட வேண்டும். வெப்பநிலையும் கணக்கில் வரும். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், அலுமினிய உடலில் வெயிலில் இறுக்கிய கேபிள் குளிரில் தளர்ந்துவிடும்.

ஒருபக்கம் லேசாகச் சாய்கிறது, கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளை அரைச்சுற்றுத் திருப்பினால் போதுமே என்பது இன்னொரு வாதம். பைப்பர் கப்பில் அந்தச் சாய்வு பின்புறத் தாங்குதண்டு அமைக்கும் இறக்கை முறுக்கிலிருந்து வரலாம். ஏலரான் கேபிளின் டர்ன்பக்கிளைத் திருப்பினால் காரணம் மறையும், குறை அங்கேயே இருக்கும். விமானி தானே செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கும் சிறு பராமரிப்புகளில் ரிக்கிங் இல்லை. ஆனால் உரிமம் பெற்ற மெக்கானிக் நேரில் மேற்பார்வையிட்டால் உரிமையாளரும் கைவைக்கலாம். இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை.

செலவு கூடும் என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் இதற்கு ஒரு கோணமானியும் சற்று நேரமும்தான் வேண்டும். கனடாவில் இத்தகைய இரண்டாவது ஆய்வு கட்டாயம். அமெரிக்காவில் சிறு விமானங்களுக்குப் பொதுவாக அப்படி இல்லை; விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைக்கும் முதன்மைப் பொறுப்போ உரிமையாளரிடம் இருக்கிறது. எனவே ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து இடது ஏலரான் மேலே எழுகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். டர்ன்பக்கிளில் மூன்று புரிகளுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. பூட்டுக்கம்பி இருக்க வேண்டும். வேலையின் விவரம், தேதி, மெக்கானிக்கின் கையொப்பம், சான்றிதழ் எண் நான்கும் லாக்புக்கில் ஏறாமல் விமானத்தை ஏற்க வேண்டாம். பறக்கும் தன்மை மாறியிருக்கக்கூடும் என்றால், தரைச் சோதனையே ஐயமற நிரூபித்தாலொழிய, விமானி முதலில் பயணிகளின்றிப் பறந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். தவறான ரிக்கிங் கண்ணில் பட்டால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் வட்டார அலுவலகத்தில் முறையிடலாம். தவறு செய்த மெக்கானிக்கும் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை: வேண்டுமென்றே செய்யாத, விபத்தில் முடியாத பிழையை நாசாவின் ரகசிய அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாட்களுக்குள் எழுதினால் பொதுவாக அபராதமோ உரிம இடைநிறுத்தமோ விதிக்கப்படாது.