அஞ்சு விரலுக்கும் ஒரே மோதிரமா?

மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பகுதியில் யார் எழுதினாலும் அம்மாக்களின் மனவேதனையைத்தான் எழுதுகிறார்கள். நான் காசு விஷயத்தை எழுதுகிறேன். மளிகைக் கணக்கு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் பார்க்கிற நமக்கு இது புரியாத சமாசாரம் இல்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் என்பது கணக்கு. 2018-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது வைத்த தொகை இது. அதற்கு முன்னால் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் 1,200 ரூபாயாக இருந்து, பிறகு 3,000 ஆயிற்று. கருவிகள், மருத்துவ மதிப்பீட்டு முகாம், பிள்ளையைக் கூட்டிப்போய் வருகிறவருக்குத் துணையாள் படி, போக்குவரத்துப் படி எல்லாம் இதற்குள்தான். சிறப்புப் பயிற்றுநர் சம்பளம் மட்டும் தனி. மாசத்துக்குப் பிரித்துப் பாருங்கள், 300 ரூபாய்கூட வராது.

இது பிள்ளையின் கையில் கொடுக்கிற பணமும் இல்லை. தலையை எண்ணி, தொகையால் பெருக்கி, மொத்தமாக ஒதுக்குவது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு பிள்ளைக்குக் கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும் இருந்தால் போதும், மற்ற பிள்ளைகளோடு ஓடிவிடும். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைக்கோ தனி நாற்காலி, விடாத இயன்முறைப் பயிற்சி, கழிப்பறைக்குத் தூக்கிப்போக ஓர் ஆள் எல்லாம் வேண்டும். இரண்டு பேருக்கும் தலைக்கு ஒரே தொகை என்றால் என்ன நியாயம்? 2016 சட்டத்தில் குறைபாடுகளின் வகையை 7-லிருந்து 21 ஆக்கினார்கள். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்ந்தன, நல்ல விஷயம். வகை மூன்று மடங்கு ஆனது, கணக்குப் போடுகிற விதம் மட்டும் மாறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, எட்டு வயசுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பார். திண்டிவனம் போய்ப் பயிற்சி முடித்து வருவதற்குள் ஒரு நாள் கூலி போச்சு. "படிக்காசு வந்தா சந்தோஷம்தாம்மா, ஆனா அந்தப் பயிற்சி டீச்சர் நம்ம ஸ்கூல்லயே தினம் இருந்தா நான் ஏன் அலையப் போறேன்?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகவேண்டும். அதுவும் தொகுப்பூதியத்தில்! அவர்களும் நம்மைப்போல் குடும்பம் நடத்துகிறவர்கள்தானே?

தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேலே 15 பிள்ளைக்கு ஒருவர் என்று உச்சநீதிமன்றம் 2021-லேயே சொன்னது. நிரந்தரப் பணியிடம் எத்தனை தேவை என்று கணக்கிட்டு அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது.

பணம் வரும் வழியையும் சொல்லவேண்டும். இந்தத் திட்டத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் தகராறில் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. தமிழக அரசு 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பேச வரவில்லை. பெரியவர்கள் சண்டையில் அடுப்பு அணையக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில்கூட 1975-ல் சட்டம் போட்டு, கூடுதல் செலவில் 40 சதவீதம் மத்திய அரசு தரும் என்றார்கள். அந்த 40 இன்றுவரை எட்டவில்லையாம்! ஆக, வாக்கு தந்தவர்களை நம்பிப் பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

என் யோசனை இதுதான். சிறப்புப் பயிற்றுநர் சம்பளத்தை மாநில அரசு தன் பட்ஜெட்டில் தனித் தலைப்பாகவே வைக்கட்டும், மற்ற ஆசிரியர்களைப்போல. மீதிப் பணத்தைத் தலை எண்ணித் தராமல், லேசான தேவை, நடுத்தரத் தேவை, தினமும் ஆள் வேண்டிய தேவை என்று பிரித்துத் தரட்டும். யாருக்கு எது என்று டாக்டர் சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அம்மாவையும் கேட்கட்டும். பிள்ளை எப்போது தடுமாறும் என்று ராத்திரி கண்விழிக்கிறவளுக்குத்தானே தெரியும்? சும்மா கூடுதல் பணம் வாங்க எல்லாரையும் 'கடுமை' என்று எழுதிவிடுவார்களே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எழுதலாம்தான். அதற்காகத்தான் பள்ளிச் சுவரில் செலவை எழுதிப் போடச் சொல்கிறேன், பிள்ளை பெயர் இல்லாமல்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், நம் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இந்தக் கணக்கில் ஏறியிருக்கிறார்கள், பயிற்றுநர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார் என்று கேளுங்கள். பதிவில் ஏறாத பிள்ளைக்கு ஒதுக்கீடும் கிடையாது. மாற்றுத்திறன் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு, வங்கிக் கணக்கில்தான் வரும். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

- ஒரு வாசகி, கூட்டேரிப்பட்டு