ஞாயிற்றின் புயலும் நம் படகுகளும்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, இரவில் கடலேறும் நம் மீனவர் படகுகள் பலவற்றில் இன்று ஜி.பி.எஸ். கருவி உண்டு. அது சில வேளைகளில் இடத்தைப் பிசகாகக் காட்டினால் கருவியைத் தட்டிப் பார்ப்பவரே மிகுதி. குறை கருவியில் இல்லாமலும் இருக்கலாம்.

அக்கருவிக்குரிய அலைகள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள்களிலிருந்து வருகின்றன. இடையே மின்னேறிய துகள்கள் நிறைந்த மண்டலம் ஒன்று உண்டு; அதனை விஞ்ஞானிகள் பிளாஸ்மா என்பர். அதன் அடர்த்தி மாறினால் அலை வந்துசேரும் நேரமும் மாறும், கணக்கும் பிசகும்.

2024 மே 10, 11 ஆகிய நாள்களில் ஞாயிற்றினின்று வெடித்தெழுந்த பிளாஸ்மாத் திரள்கள் புவியின் காந்தப் புலத்தைத் தாக்கின. இருபது ஆண்டுகளில் காணாத காந்தப் புயல் அது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது, அமெரிக்காவில் ஜி.பி.எஸ். துணைகொண்டு உழும் இயந்திரங்கள் வயலிலேயே நின்றன. ஜப்பானின் 'அரசே' துணைக்கோள் அந்நாள்களில் கண்டதே வியப்புக்குரியது. பூமியைப் போர்த்தியுள்ள பிளாஸ்மாப் போர்வை வழக்கமாக ஏறத்தாழ 44,000 கிலோமீட்டர் உயரம் வரை பரந்திருக்கும். அன்று அது 9,600 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிற்று! மீண்டும் நிரம்ப நான்கு நாள்களுக்கு மேலாயிற்று. காரணம், அப்போர்வைக்குத் துகள்களை வழங்கும் ஊற்றாகிய அயனி மண்டலமே புயலால் வறண்டிருந்தது. கிணறு வற்றினால் தொட்டி எங்ஙனம் நிறையும்?

நம் நாட்டிலோ, தும்பாவில் மே 11 காலையில் வானத்து எலெக்ட்ரான்களின் அளவு முந்தைய நாள்களைவிடப் பாதிக்கு மேல் குறைந்ததுண்டு. புயலின் கடுமை அதிகாலையில், அயனி மண்டலம் முழுமை பெறுமுன் நேர்ந்ததால் பெருந்தொல்லை நேரவில்லை.

ஆயினும் காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்முனைக்கு அருகே செல்வதால், புயலில்லா நாள்களிலும் பொழுது சாய்ந்தபின் இங்கே பிளாஸ்மாவில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் தோன்றுகின்றன. அப்போது அலை நடுங்கும், சில வேளை தொடர்பே அறும். வலைவீசிக் கொண்டிருக்கும் நேரமும் அதுவேயன்றோ!

இத்துறையில் நம் திருச்சபையினரும் உழைத்துள்ளனர். இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி, 19-ஆம் நூற்றாண்டில் உரோமைக் கல்லூரியில் ஞாயிற்றையும் காந்த ஊசியின் அசைவுகளையும் ஒருங்கே ஆய்ந்தவர். இன்று நம் ஆதித்யா துணைக்கோள், 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து 2024 சனவரி முதல் ஞாயிற்றைக் கண்காணிக்கிறது.

படகில் பழைய திசைகாட்டியும் இருக்கட்டும். காந்தப் புயலின்போதும் அதன் ஊசி நம் கடலில் பொதுவாக மிகச் சிறிதளவே பிறழும். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கையும் கரை அடையாளங்களையும் வைத்து இடமறியும் கலையை, முதியோர் உயிரோடிருக்கையிலேயே இளைஞர் கேட்டறிவது நன்று.